வெர்னன் வீட்டு டோஃபு

வெர்னன் லிண்ட்க்விஸ்ட் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் துறந்த செய்தி போர்ட்லாந்தில் அவருடைய தெரு முழுக்கத் தெரியும். தெரியாதவர் யாராவது மிச்சமிருந்தால் வேலியோரம் நிறுத்தி அவரே சொல்லிவிடுவார். மனிதரின் சாவைப் பற்றிப் பேசியே ஆயுள் காப்பீடு விற்றவர். ஓய்வு பெற்றபின் பூமியின் சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

பேசுவது அவர், சமைப்பது மனைவி லொரெட்டா. ஞாயிறு மதியம் என்றால் காய்கறி ஃபிரைடு ரைஸ்தான். முந்தின நாள் வடித்து ஃபிரிட்ஜில் ஆறவிட்ட சோறு, கேரட், உறைந்த பட்டாணி, வெங்காயத்தாள், கடைசியில் சோயா சாஸும் நாலு சொட்டு எள் எண்ணெயும். புரதத்துக்கு, சோயா பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு. அதை உதிர்த்து, மஞ்சள்தூளும் முட்டை வாசம் அடிக்கும் கறுப்பு உப்பும் போட்டுப் பிரட்டினால் அசல் முட்டைப் பொரியலேதான் என்று வெர்னன் எங்கேயோ படித்திருந்தார்.

லொரெட்டாவின் இரும்பு வாணலி அதைப் படித்திருக்கவில்லை. முதல் ஞாயிறு டோஃபு அடியில் ஒட்டிக் கருகி, சுரண்டினால் சுவர்ப் பூச்சு மாதிரி வந்தது. மேஜையில் கணவர் படமெடுக்க ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் கராஜுக்குப் போனாள். அங்கே இரண்டாவது ஃபிரிட்ஜில், சோடா டப்பாக்களுக்குப் பின்னால், பேரப்பிள்ளைகளுக்குக் குக்கி செய்ய ஒளித்து வைத்த முட்டை இருந்தது.

ஒரு வாய் சாப்பிட்டதும் வெர்னன் கண்ணை மூடினார். திறந்தபோது சொற்பொழிவும் சேர்ந்து திறந்துகொண்டது. மனித குலம் இத்தனை காலம் கோழியை வதைத்தது வீண் என்று இன்றைக்கு நிரூபணமாகிவிட்டதாம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பிரசங்கத்துக்கு நடுவே குறுக்கிட்டு அவளுக்குப் பழக்கமில்லை. ஒரு பொய் அடுத்த ஞாயிறையும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தது. கடையில் டோஃபு வாங்குவாள்; அதை வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டு நாய்க்கு வீசுவாள். முட்டை ஓட்டைப் பழைய செய்தித்தாளில் சுருட்டி, மக்கும் குப்பை வாளியில் தோலுக்கும் தண்டுக்கும் அடியில் புதைப்பாள். அந்த வாளியை வெர்னன் வெளியே எடுத்துப் போகும்போதெல்லாம் அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பிப்பாள்.

கணவரை ஏமாற்றியதைக்கூட எப்படியோ செரித்துவிட்டாள். பெட்டி என்ற பக்கத்து வீட்டுக்காரியின் விஷயத்தைத்தான் செரிக்க முடியவில்லை. வெர்னன் சொன்ன பக்குவத்தில் பெட்டி செய்து பார்த்தாள். குளிக்கிற ஸ்பாஞ்சு மாதிரி இருப்பதாக அவள் புருஷன் டுவேன் சொன்னார். குறை டோஃபுவில் இல்லை, சமைப்பவரின் மனதில் என்று வெர்னன் வேலியோரம் தீர்ப்பளித்தார். மனதை மாற்ற முடியாத பெட்டி புது வாணலி வாங்கினாள். அதற்குப் பிறகு தெருவில் அவளைக் கண்டால் லொரெட்டா செருப்பைப் பார்த்தபடி நடந்தாள்.

வெர்னனுக்கோ எல்லாம் கைகூடியது. ஓடில்லாத நத்தைகள் வருஷா வருஷம் மொட்டையடிக்கிற லெட்டூஸ் பாத்திகூட இந்த முறை செழித்து நின்றது. என்ன மருந்து என்று டுவேன் கேட்டதற்கு, மண்ணோடு பேச வேண்டும் என்றார். அந்தப் பேச்சு கலையக்கூடாதென்று பாத்திப் பக்கம் யாரையும் விடுவதில்லை, லொரெட்டாவையும்.

டுவேனை மதம் மாற்றுவதென்று முடிவு செய்து ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட அழைத்தார். பெட்டி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால், டுவேன் மகளைக் கூட்டிவந்தார். கால்நடை மருத்துவம் படிக்கும் பிரிட்ஜெட், விடுமுறைக்கு வந்திருந்தாள். வெர்னன் டோஃபுவின் பெருமையை ஆரம்பிக்க, லொரெட்டா தட்டுகளில் சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"உன் பிரசங்கம் எனக்குதான் வேணும் வெர்னன். இவ ரொம்ப நாளா உன் கட்சிதான்," என்றார் டுவேன். "என்ன, உன்ன மாதிரி வேலிக்கு வேலி நின்னு சொல்றதில்ல."

லொரெட்டாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பிரிட்ஜெட் கூச்சத்தோடு, படிப்புக்காக ஒரு குஞ்சு பொரிக்கும் பண்ணைக்குப் போனதாகவும், அங்கே சேவல் குஞ்சுகளை என்ன செய்கிறார்கள் என்று பார்த்ததிலிருந்து முட்டையைத் தொடக்கூட முடியவில்லை என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு முள்கரண்டியை எடுத்தாள். மஞ்சளாக ஒரு துண்டு அதன் நுனியில் ஏறியது.

"சாப்பிடாத கண்ணு," என்றாள் லொரெட்டா. "அது முட்டை."

வெர்னன் சிரித்தார். "பாத்தியா டுவேன்? சமைச்சவளே ஏமாந்துட்டா. அதான் டோஃபு."

"நான்தான் உடைச்சு ஊத்தினேன், வெர்னன். இன்னிக்கு மட்டுமில்ல. எல்லா ஞாயித்துக்கெழமையும்."

சிரிப்பு அவர் முகத்தில் போக இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

டுவேன் யோசித்தார். "அப்ப எங்க நாய்க்கு நீங்க வீசினது?"

"டோஃபு."

"சீஸுன்னு நெனச்சோம். சும்மா சொல்லக்கூடாது, நாய் நல்லாத்தான் தேறியிருக்கு." பிறகு குரலை இறக்கினார். "வாணலி விஷயத்த பெட்டிகிட்ட யார் சொல்றது?"

லொரெட்டா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். பிரிட்ஜெட் தட்டை மெல்லத் தள்ளிவைத்து, தனக்கு ரொட்டியே போதும் என்றாள். அவள் கோபித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது லொரெட்டாவுக்கு. தோட்டத்தில் லெட்டூஸ் இருக்கிறது, பறித்து வருகிறேன் என்று லொரெட்டா பின்கதவைத் திறந்தாள். வெர்னன் அவசரமாக எழுந்து, தானே பறிப்பதாகச் சொன்னார். அவள் நிற்கவில்லை.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பாத்தியில் குனிந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் வட்டமாக வெள்ளைப் பொடி. பொடியாகாத ஒரு சில்லில் முட்டையின் வளைவு அப்படியே இருந்தது.

பின்னால் வெர்னன் வந்து நின்றார்.

"நத்தைக்கு வயித்துல குத்தும். தாண்டி வராது," என்றார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து. வாளியக் கவுத்தப்ப பொட்டலம் பிரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சேவா பெட்டிகிட்ட மனசு சரியில்லன்னு சொன்ன?"

அவர் லெட்டூஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூமியைப் பற்றி அத்தனை பேசியவரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சமிருந்தது. "நல்லா இருந்துச்சு, லொரெட்டா."

இத்தனை நாள் தனியாகச் சுமந்ததில் பாதியை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. மற்றப் பாதி பெட்டியுடையது. சாயங்காலம் அவள் திரும்பியதும் போய்ச் சொல்ல வேண்டும். நல்லதாக ஒரு லெட்டூஸைப் பறித்து, மண்ணை உதறிக் கணவர் கையில் வைத்தாள்.

"நீயே கொண்டுபோய் அந்தப் பொண்ணுகிட்ட குடு. எதப் போட்டு வளத்தேன்னும் சொல்லிடு."

கதவுவரை போன வெர்னன், தொண்டையைச் செருமிக்கொண்டு, தூறலில் அங்கேயே நின்றிருந்தார்.