இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்

ஆனையூர் மெயின் ரோட்டில் விக்ரம் நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலையைவிட விவாதம்தான் அதிகம் நடக்கும். பார்சல் ஆபீஸில் பில் போடும் முத்துக்குமரன், வேலை முடிந்ததும் நேராக அங்கே வந்து உட்கார்ந்துவிடுவான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். எந்தப் பிராசஸர் வேகம், எந்த ஹெட்செட்டில் பாட்டுத் துல்லியமாகக் கேட்கும் என்று ஒருவரை ஒருவர் விடாமல் பேசுவார்கள். பேசி முடிந்ததே இல்லை.

அந்தச் சனிக்கிழமை பேச்சு சூடாக இருந்தது. மேஜை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர் மூடி கழற்றிக் கிடந்தது. அது முத்துக்குமரனின் தங்கை பாண்டிச்செல்வியுடையது.

"லினக்ஸ் போட்டு விட்ரா. ஓசி. வைரஸ் தொல்லை இல்ல. ஆயுசுக்கும் ஓடும்," என்றான் முத்துக்குமரன்.

"மாப்ள, வீட்டு ஆளுகளுக்கு அது சரிப்படாது. புது விண்டோஸ் போடுறேன். கிராக் பண்ணது என்ட்ட இருக்கு. அஞ்சு வருசமா நூறு பேத்துக்குப் போட்டிருக்கேன், ஒருத்தர் திரும்பி வரல."

"திரும்பி வராதது நல்லா இருக்கதாலயா, ஒம் மேல வெறுப்புலயான்டு யாருக்குத் தெரியும்?"

இருவரும் சிரித்தார்கள். டீ வந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் விக்ரம் சொன்னதுதான் நின்றது. அவன் பழைய ஹார்டு டிஸ்கைத் திறந்து பார்த்தான்.

"மாப்ள, டி டிரைவ் பூராவும் ஆடியோவாக் கெடக்கு. வேணும்னா காப்பி எடுத்து வச்சுக்கிருவமா? தங்கச்சிட்ட ஒரு போனப் போட்டுக் கேளு."

முத்துக்குமரன் கையை ஆட்டினான். "அவ கண்ணு தெரியாதவ. அவட்ட அப்பிடி என்ன முக்கியமா இருக்கப் போகுது? எல்லாம் பாட்டாத்தான் இருக்கும். நெட்ல கெடைக்காத பாட்டா? மொத்தமா அழிச்சிட்டுப் புதுசாப் போடு."

விக்ரமின் கழுத்தில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கோப்பைத் திறந்து அரை நிமிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு விசையைத் தட்டினான். திரையில் வந்த எச்சரிக்கையை இருவரும் படித்தார்கள். ஆம் என்று இன்னொரு தட்டு.

பாண்டிச்செல்விக்கு வயது முப்பத்து நான்கு. ஆறு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போயிற்று. வரலாற்றில் முதுகலை படித்துவிட்டு, பரவையில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். அண்ணன் வீட்டில்தான் இருந்தாள் என்றாலும் யார் கையையும் எதிர்பார்ப்பவள் இல்லை. பஸ் ஏறிப் போய் வருவாள். தன் சம்பளத்தில்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டு, தானே இயக்கப் பழகினாள்.

ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்குப் படிக்க வேண்டிய தமிழ்ப் புத்தகங்களை அந்த மென்பொருளால் வாசிக்க முடியவில்லை. பாதி புத்தகங்கள் பழைய அச்சு. பிரெய்லில் தேடியும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த சாதிகாதான் அதற்கு வழி சொன்னாள். "நான் வாசிச்சு எம் போன்ல ரெக்கார்டு பண்ணித் தாரேங்கா. நீங்க எப்ப வேணாலும் கேட்டுக்கங்க."

மூன்று வருடம் சாதிகா வாசித்தாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, பக்க எண்ணைச் சொல்லி, மேற்கோளுக்கு மேற்கோள் என்று சொல்லி, அடிக்குறிப்பைக்கூட விடாமல் வாசித்தாள். வரைபடம் வந்தால் நிறுத்துவாள். "வலது கைய விரிச்சுக்கங்கக்கா. நடுவிரல் மேல் கணு டில்லி. அதுக்குக் கொஞ்சம் மேல, விரல் நுனியில பானிப்பட்." இப்படியே பதினான்கு புத்தகங்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். போன வருடம் கல்யாணமாகி அவள் சார்ஜாவுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பதிவுகள் கம்ப்யூட்டரில் இருந்தன. ஒரு நகல் கையடக்கமான எம்பி3 பிளேயரில் இருந்தது. டச் போனில் தடவித் தேடிக்கொண்டிருக்க வேண்டும். இதில் பொத்தான்கள் விரலுக்குத் தட்டுப்படும் என்பதால், பஸ்ஸிலும் பள்ளியிலும் அதைத்தான் காதில் மாட்டியிருப்பாள். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பள்ளியில் பெற்றோர் கூட்டமும் ஆண்டு விழாவும். சனி இரவு அங்கேயே தங்கல். பையைக் கனமாக்க வேண்டாம் என்று பிளேயரை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

முத்துக்குமரன் கெட்டவன் இல்லை. தேர்வுக்கு முன்னால் தங்கைக்கு ஒரு நல்லது செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தான். சனிக்கிழமை அவன் கம்ப்யூட்டரைத் தூக்கும்போதே அவன் மனைவி அஸ்வினி கேட்டாள். "செல்விட்டச் சொன்னீகளா?"

"சொல்லிட்டுச் செஞ்சா அதுல என்ன இருக்கு? வந்து பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, இடம் இருக்கிறதே என்று தன்னிடம் இருந்த முந்நூறு சினிமாப் படங்களையும் ஆயிரக்கணக்கான பாடல்களையும் அதில் ஏற்றினான். பிளேயரையும் விடவில்லை. வயரில் செருகியதும், உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றவா என்று பாட்டு மென்பொருள் கேட்டது. அவன் பெருமையோடு சரி என்றான். பழைய பாடல்கள் எண்ணூறு ஏறின.

சாயங்காலம் பாண்டிச்செல்வி களைத்துப்போய் வந்தாள். "செல்வி, ஒனக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன். ஒஞ் சிஸ்டத்தப் போயி ஆன் பண்ணு," என்றான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். வழக்கமாக ஒரு நிமிடத்தில் பேசத் தொடங்கும் எந்திரம் பேசவில்லை. இன்னும் ஒரு நிமிடம் காத்திருந்தாள்.

"அண்ணே, இது பேச மாட்டேங்குது."

"அந்த வாசிக்கிற சாப்ட்வேரா? அஞ்சு நிமிசத்துல போட்டுக்கிரலாம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புது விண்டோஸ் போட்டிருக்குல்ல. ராக்கெட் மாதிரி ஓடும் பாரு."

அவள் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. பிறகு எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு சார்ஜர் இருந்த இடத்துக்குப் போய்ப் பிளேயரை எடுத்துக் காதில் மாட்டினாள். அந்த வீட்டுக்குள் அவள் சுவரைத் தொட்டு நடந்து அஸ்வினி பார்த்ததே இல்லை.

பிளேயரில் வயலின் ஒலித்தது. அடுத்த பொத்தானை அழுத்தினாள். ஒரு காதல் பாட்டு. அடுத்தது. அடுத்தது. முப்பது நாற்பது முறை அழுத்தியிருப்பாள். முத்துக்குமரன் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாதிகா எங்கண்ணே?" என்று கேட்டாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. அஸ்வினிக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பார்சல் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, முத்துக்குமரன் ஹார்டு டிஸ்கையும் பிளேயரையும் எடுத்துக்கொண்டு டவுனுக்கு ஓடினான். அழிந்த கோப்புகளை மீட்டுத் தரும் கடை ஒன்று அங்கே இருப்பதாக விக்ரம் சொல்லியிருந்தான். கடைக்காரர் டிஸ்கை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். "வெறுமனே அழிச்சிருந்தீங்கன்னா அம்புட்டையும் எடுத்துத் தந்திருப்பேன். அதுக்கு மேல படமா ஏத்தி வச்சிருக்கீங்களே அண்ணே. மேல எழுதிட்டா அடியில இருந்தது போச்சு," என்றார். பிளேயருக்கும் அதே கதிதான். நாற்பத்தொரு துண்டுகள் கிடைத்தன. எதுவும் அரை நிமிடத்துக்கு மேல் இல்லை. ஒன்றில் சாதிகா, "பக்கம் நூத்தி எழுவத்தி" என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

சார்ஜாவுக்குப் போன் போட்டார்கள். சாதிகா கைக்குழந்தையோடு இருந்தாள். "போனை மாத்திட்டேங்கா. பழசுல எதுவும் மிச்சமில்ல. புத்தகமும் அங்கிட்டுத்தானே இருக்கு. நான் என்னங்கா செய்வேன்?" என்று அழுதாள். "நான் ஒங்களுக்காகத் துஆ செய்றேங்கா," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாண்டிச்செல்விதான் அவளைத் தேற்றிப் போனை வைத்தாள்.

அதன்பிறகு முத்துக்குமரன் தானே வாசிக்கிறேன் என்று உட்கார்ந்தான். புத்தகத்தைப் பிரித்த முதல் பக்கத்திலேயே நாக்குத் தடுமாறியது. ஊர்ப்பெயர்கள் வாயில் நுழையவில்லை. வருடங்களை மாற்றிச் சொன்னான். இருபது நிமிடத்தில் தொண்டை காய்ந்தது. "இந்தா, இங்கிட்டு ஒரு மேப் இருக்கு," என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினான். தங்கை விரித்த கையை மடக்கிக்கொண்டாள்.

அஸ்வினியும் முறை வைத்து வாசித்தாள். சமையலுக்கும் குழந்தைகளுக்கும் நடுவே அவளால் முடிந்தது கொஞ்சம்தான். தேர்வுக்கு முதல் நாள் முத்துக்குமரன் கணக்குப் பார்த்தான். இருவரும் சேர்ந்து பத்தொன்பது மணி நேரம் வாசித்திருந்தார்கள். அப்போதுதான், ஒரு மனுஷி தன் மதியப் பொழுதுகளை மூன்று வருடம் கொடுத்துச் சேர்த்து வைத்ததைத் தான் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் துடைத்துவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. அன்று அவன் சாப்பிடவில்லை.

தேர்வு மையத்துக்கு அவன்தான் தங்கையை அழைத்துப் போனான். அவள் சொல்லச் சொல்ல விடையைக் குறிக்க ஒரு பெண்ணை அங்கே கொடுத்திருந்தார்கள். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தவள், வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். "கேள்வியெல்லாம் தெரிஞ்சதுதாண்ணே. எந்தப் பக்கத்துல இருந்துச்சுன்டுகூட ஞாபகம் இருக்கு. சாதிகா கொரலும் கேக்குது. என்ன சொன்னான்டுதான் வர மாட்டேங்குது," என்றாள். அவன் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்தபடி நின்றான்.

முடிவு வந்தபோது அவளுக்கு நான்கு மதிப்பெண் குறைந்திருந்தது. அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பரவைப் பள்ளியிலும் அந்த மாதம்தான் ஒவ்வொரு வகுப்பிலும் பெரிய டச் திரையை மாட்டினார்கள். அதில் எழுதிக் காட்டிப் பாடம் நடத்த வேறு ஆள் எடுத்துக்கொள்கிறோம் என்று தாளாளர் மரியாதையாகத்தான் சொன்னார். பாண்டிச்செல்வி வீட்டோடு இருந்தாள். எந்நேரமும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். காதில் எதையும் மாட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்ரம் வீட்டுக்கு வந்தான். அவனுக்கும் மனசு உறுத்திக்கொண்டிருந்தது. இருவரும் முன்னறையில் உட்கார்ந்து, செல்விக்கு ஒரு புது லேப்டாப் வாங்கிக் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். பேச்சு மெல்லத் தொடங்கியது.

"ஆப்பிள் வாங்கிருவோம் மாப்ள. கண்ணு தெரியாதவங்களுக்கு வாசிச்சுச் சொல்றது அதுலயே இருக்கு."

"அது எதுக்குடா? விண்டோஸ்லயே எடுப்போம். இந்தவாட்டி ஒரிஜினலாப் போட்டுக்கிருவோம். செல்விக்கு அதான் சரி."

"ஒனக்குத் தெரியாது மாப்ள. ஆடியோவுக்கு ஆப்பிள்தான்."

"எனக்காடா தெரியாது?"

குரல்கள் ஏறின. உள்ளே இருந்து பாண்டிச்செல்வி எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"விக்ரமண்ணே," என்றாள். பேச்சு நின்றது.

"அன்னைக்கும் இப்பிடித்தான ஒரு மணி நேரம் பேசியிருப்பீங்க. எது வேகம், எது ஓசி, எது நல்லதுன்டு. அம்புட்டும் ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உள்ள என்ன இருக்குன்டு மட்டும் தெரியல. அதத் தெரிஞ்சுக்கிர ஒரு போன் போதும்ணே. ரெண்டு பேரும் போடல."

"என் தப்புத்தான் செல்வி," என்றான் முத்துக்குமரன். "இப்பக் கேக்குறேன். ஒனக்கு என்ன வேணும்? நீயே சொல்லு, தாயி."

அவள் முகம் அவன் குரல் வந்த திசைக்குத் திரும்பியது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இன்னைக்கு எனக்கு எதுவும் வேணாம்ணே. வேணும்ன்டு நெனச்சதெல்லாம் போயிருச்சு. நீங்க ரெண்டு பேரும் கெடுதல் நெனச்சுச் செய்யல, எனக்குத் தெரியும். ஆனா கண்ணு இல்லாதவட்ட முக்கியமா எதுவும் இருக்காதுன்டு நெனச்சீங்க பாருங்க, அங்கதான் எல்லாம் அழிஞ்சது. மிசின் அழிச்சது அதுக்குப் பெறகுதான். இனிமே யாரு பொருளத் தொட்டாலும் தொடுறதுக்கு முன்னாடி அவுகள்ட்டக் கேளுங்க. அவுகளுக்கு எது நல்லதுன்டு நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஒருத்தரக் கேக்காமச் செஞ்சா, அது ஒத்தாசை இல்லண்ணே. அவுகள ஆளா மதிக்கலைன்டுதான் அர்த்தம்."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். எந்த லேப்டாப் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.