நச்சரிப்புப் பெட்டி

கடைக்குட்டி மறுபடியும் படுத்துவிட்டது. மூன்று வாரத்தில் இது ஐந்தாவது தடவை.

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று சர்வர்கள். பெரியவன், நடுவுள்ளவன், கடைக்குட்டி என்று பெயர் வைத்தவன் நான்தான். ஒவ்வொன்றும் ஒரு வாடகை வீடு மாதிரி. உள்ளே பத்துப் பன்னிரண்டு கணினிகள் குடியிருக்கின்றன. கையால் தொட முடியாது, ஆனால் கூடத்தின் வேலை எல்லாம் அவைதான் பார்க்கின்றன. வீடு விழுந்தால் குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் தெருவுக்கு வரவேண்டியதுதான். அன்றைக்கும் காலை பத்தரை மணிக்கு, கவுண்டரில் நாற்பது பேர் சீட்டோடு நிற்கும்போது, திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இருண்டன.

பழி யார் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரிப்போர்ட் தயாரிக்கும் புது மென்பொருளை எழுதிய பெண் மேல்தான். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அவளுடைய மென்பொருளைக் கடைக்குட்டியில் ஏற்றிய வாரத்திலிருந்துதான் அது விழ ஆரம்பித்தது. இயந்திரத்தில் கோளாறு என்றால் இயந்திரமே எனக்கு மெயில் அனுப்பும், ஒன்றும் வரவில்லை, ஆகவே இயந்திரம் சுத்தம் என்று மேனேஜரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். பதினெட்டு வருஷ சர்வீஸ். நான் சொன்னால் அங்கே மறுபேச்சு கிடையாது. அன்று நாலு மணிக்குக் கூட்டம். அவளை நிரந்தரம் செய்யாமல் அனுப்பிவிடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

கடைக்குட்டியை எழுப்பி உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், சர்வர் அறை வாசலில் அவள் நிற்கிறாள்.

"சார், ஒரே ஒரு நாள் என் புரோகிராம நடுவுள்ளவன்ல ஓட்டிப் பாக்கலாமே. இதுக்குத்தான் உங்களுக்கு மூணு தடவ மெயில் போட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்கிற கதை இது. ஒரு மெயிலும் வரவில்லை, பொய் சொல்ல வேண்டாம் என்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை. போனை எடுத்து, அனுப்பிய மெயில்களைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். மூன்றிலும் என் முகவரி எழுத்துப் பிசகாமல் இருந்தது. தலைப்பு, 'கடைக்குட்டி பற்றி'.

அவளைப் பொய்க்காரி ஆக்கியே தீருவது என்று என் மெயிலில் தேடினேன். மூன்றும் கிடைத்தன, 'நச்சரிப்பு' என்ற பெட்டிக்குள்.

அந்தப் பெட்டியும் என் கைங்கரியம்தான். போன வருஷம், மூன்றாவது விசிறி ஓடவில்லை என்று கடைக்குட்டி பத்து நிமிஷத்துக்கு ஒரு மெயில் அனுப்பி உயிரை வாங்கியது. திறந்து பார்த்தேன். விசிறி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. இது சும்மா புலம்புகிறது என்று முடிவுகட்டி, தலைப்பில் கடைக்குட்டி என்று வருகிற மெயில் எல்லாம் நேரே அந்தப் பெட்டிக்குள் போய் விழும்படி செய்துவிட்டேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று வீட்டில் மனைவி சொன்னாலும் நான் சொல்கிற வார்த்தை அதுதான், நச்சரிப்பு. அப்புறம் அந்தப் பெட்டியையே மறந்துபோனேன்.

இப்போது திறந்து பார்த்தால், ஆயிரக்கணக்கான விசிறிப் புலம்பல்களுக்கு நடுவே வேறு மெயில்கள். ஆறாவது மெமரித் துண்டில் பிழை, திருத்தப்பட்டது. மறுபடி பிழை, திருத்தப்பட்டது. பிறகு, திருத்த முடியவில்லை. அப்படி ஐந்து வந்திருந்தன. ஐந்தும் கடைக்குட்டி விழுந்த அதே நிமிஷங்களில் வந்தவை. காலையில் ரிப்போர்ட் குவியும்போது அவளுடைய மென்பொருளுக்கு நிறைய மெமரி வேண்டும். அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத ஆறாவது துண்டு வரைக்கும் போயிருக்கிறது. உளுத்த பலகையில் கால் வைத்தவள் மேல் பழி போட்டிருக்கிறேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மெமரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, அந்தப் பெட்டியை அழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கை அதற்குப் போகவும் செய்தது. அழிப்பதற்கு முன்னால் அவளுடைய கடைசி மெயிலைப் படித்தேன்.

'சார், தப்பு என் பக்கம் இருக்கலாம். ஒரு நாள் மாற்றி ஓட்டிப் பார்த்து, அங்கேயும் விழுந்தால் நானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். தெரியாமலே போவதுதான் கஷ்டமாக இருக்கிறது.'

தப்பு என் பக்கம் இருக்கலாம் என்று இந்தப் பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு வரி எழுதியதில்லை. வெட்கமாக இருந்தது.

கடைக்குட்டியில் குடியிருந்தவர்களை மற்ற இரண்டுக்கும் மாற்றினேன். அதை அணைத்து, ஆறாவது மெமரியைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். மெயில்களை அச்செடுத்துக்கொண்டு நாலு மணிக்குப் போனேன். அவளும் அங்கே உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் பேச்சை ஆரம்பிக்கும் முன்பே தாள்களை மேஜையில் வைத்தேன்.

"தப்பு இவங்க மேல இல்ல சார். என் மேல. மெஷின் மூணு வாரமா சொல்லிருக்கு. இவங்களும் சொல்லிருக்காங்க. ரெண்டையும் நான் ஒரே பெட்டில போட்டு மூடி வச்சிருக்கேன்."

மேனேஜர் தாள்களை வெகுநேரம் புரட்டினார். அவளுடைய நிரந்தர ஆணை நாளைக்கே தயாராகிவிடும் என்றார். என்னைக் காலையில் தனியாக வந்து பார்க்கச் சொன்னார். அது நான் எதிர்பார்த்ததுதான்.

வெளியே வந்ததும் அவள் நன்றியும் சொல்லவில்லை, குத்தியும் காட்டவில்லை. கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டுக் கேட்டாள்.

"சார், அந்தத் தாள்ல இருந்த மூணாவது விசிறி இப்ப ஓடுதா? பாத்தீங்களா?"

"போன வருஷம் பாத்தேன்மா" என்றேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

இருவரும் சர்வர் அறைக்குப் போனோம். அணைத்து வைத்திருந்த கடைக்குட்டியின் மூடியைக் கழற்றி, எழுப்பினேன். ஆறு விசிறிகளில் ஐந்து சுற்ற ஆரம்பித்தன. மூன்றாவது அசையவில்லை. அதன் இறக்கைகளில் தூசி படிந்து கிடந்தது. அதற்கு நேர் பின்னால், அதன் காற்றுப் படவேண்டிய இடத்தில்தான் ஆறாவது மெமரி. சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். மத்தியானம் நான் போட்ட புதுத் துண்டின் பக்கம் விரலைக் கொண்டுபோனேன். அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.

"அணைச்சிடுங்க சார்" என்றாள்.

மறுபேச்சுப் பேசாமல் அணைத்தேன்.