எபனேசர் வாசித்த பாடம்

போடி கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருக்கும் எபனேசருக்குத் திக்குவாய். கடைக்கு யார் வந்தாலும் கலர் அட்டையை நீட்டி, விரலால் காட்டியே வியாபாரத்தை முடித்துவிடுவார். நாக்கு மக்கர் செய்யும் சொல்லைத் தள்ளிவிட்டு வேறு சொல்லைப் போட்டுத் தப்பிக்கவும் தெரியும். அப்படியே ஒரு கடையை இரண்டு கடை ஆக்கிவிட்டார். ஆலயத்தில் மட்டும், பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் வாய் திறக்க மாட்டார். பாடும்போது திக்காது.

கிறிஸ்துமஸ் பண்டிகைக் காலத்தை முடித்துவைக்கும் ஜனவரி ஞாயிறு வந்தது. கிழக்கு தேசத்து ஞானிகளான சாஸ்திரிகள் பாலகனைத் தேடி வந்து காணிக்கை வைத்ததைக் கொண்டாடும் நாள். இந்த வருஷம் பணம் போட்ட காணிக்கைக் கவர் வேண்டாம், அவரவரிடம் இருப்பதில் நல்லது ஒன்றைக் கொண்டுவாருங்கள் என்று ஆயர் சுந்தர்ராஜ் முந்தின வாரமே அறிவித்திருந்தார். அறிவித்த அன்றைக்கே எபனேசர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“ஐயா, சு... சுவிசேஷ பாடத்த நான் வாசிக்கிறேன். அதான் என் காணிக்கை.”

ஆயர் யோசிக்கவே இல்லை. “தாராளமா வாசிங்க. நான் பிரசங்கத்தச் சுருக்கிக்கிறேன்.”

வீட்டில் மனைவி சாராள்தான் கலங்கினாள். “ஏங்க, ரெண்டு டின் பெயின்ட் குடுத்தா கோயில் சுவரு பளிச்சுன்னு ஆயிரும். எதுக்கு இந்த வம்பு?”

“அதக் குடுக்க எனக்கு எ... என்ன கஷ்டம்?”

“யாராச்சும் சிரிச்சாகன்னா?”

“சிரிச்சுட்டுப் போறாக.”

ஞாயிறு காலை பீடத்துப் படியில் ஏலக்காய்ப் பையும் பன்னீர் திராட்சைக் கூடையும், ஒரு தையல்காரம்மா தைத்த வெள்ளை விரிப்பும் வந்து சேர்ந்தன. எபனேசர் வெறுங்கையோடு போய் வேதாகமத்தைத் திறந்தார். அதிகாரமும் வசனமும் வழுக்கிக்கொண்டு போயின. பாடத்தின் முதல் சொல்லான ஏரோது ராஜாவின் பெயரில் நாக்கு பூட்டிக்கொண்டது.

“ஏ... ஏ...”

இங்கே வேறு சொல் போட முடியாது. அது தெரிந்துதான் இந்தப் பாடத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். பாடகர் குழுவிலிருந்து வினோத்ராஜ், நல்ல எண்ணத்தில்தான், “ஏரோது” என்று எடுத்துக் கொடுத்தான். எபனேசர் நிமிர்ந்து சிரித்தார். அவசரப்படும் வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல உள்ளங்கையைக் காட்டினார். மூச்சை விட்டார். பிறகு அந்தப் பெயரைத் தானே சொன்னார்.

அதற்கப்புறம் யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எருசலேமில் இரண்டு தரம் நின்றார். பெத்லகேமுக்கு அரை நிமிஷம் ஆனது. அவருக்குப் பதற்றமே இல்லை. வருஷா வருஷம் கேட்டுச் சலித்த கதைதான். ஆனால் அடுத்த சொல்லுக்காகச் சபை முழுக்க முன்னால் சாய்ந்து காத்திருந்ததை அவர் மேலே நின்று பார்த்தார். தரையையே பார்த்துக்கொண்டிருந்த சாராளும் தலையைத் தூக்கியிருந்தாள். சாஸ்திரிகள் வைத்த பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்கிவைப்பதுபோலச் சொல்லி முடித்து, நிதானமாக வேதாகமத்தை மூடினார்.

வெளியே வந்ததும் சபை மூப்பர் அய்யாத்துரை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “நாலு நிமிஷப் பாடத்தப் பதினாலு நிமிஷம் வாசிச்சிட்டியேப்பா!”

“பெ... பெரிய வெள்ளிக்கு இதவிட நீளமான பாடத்த ஆயர்கிட்ட கேட்டு வாங்கியிருக்கேன் அண்ணே. தண்ணி பாட்டிலோட வாங்க.”

அய்யாத்துரை வாய்விட்டுச் சிரித்தார். “வாரேன்ப்பா. முன் வரிசையிலயே உக்கார்றேன்.”