தளபதியின் ஒன்ஸ்மோர்

பச்சைமுத்து செத்துப்போனார் என்று சொன்னபோது பெங்களூர் மர்பி டவுனில் பாதிப் பேர் நம்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வருஷக்கணக்காக அந்த மனுஷன் செத்துச் செத்து எழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். பால்காரன் வந்து சேதி சொன்னதும், "எந்த நாடகத்துல?" என்று ஒருத்தர் நிஜமாகவே கேட்டாராம்.

இந்தத் தடவை நாடகமில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம், காலையில் மில்லுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டியவர், மார்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். மனைவி சின்னத்தாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. மேடையில் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டு சாகிற ஆள், வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீருக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

மதியம் சந்து நிறைய ஜனம். வாசலில் பெஞ்சு போட்டு அவரைக் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள். தெருக்கோடியில் பறை அடித்துக்கொண்டிருந்தது. சின்னத்தாயி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருடைய வலது கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்கள் ஒருத்தி காதை ஒருத்தி கடித்தார்கள். ஏனென்றால் சின்னத்தாயி சாதாரணப் பெண்டாட்டி இல்லை. நாடகத்தில் தளபதி பச்சைமுத்து கோட்டை வாசலில் குத்துப்பட்டு விழுந்ததும், ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டாகவே அழுகிறவள் அவள்தான். அந்த அழுகைக்குப் பட்டாளத்து ஆள்கள்கூட மூக்கைச் சிந்தியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவள் சொந்தப் புருஷன் பிணத்தின் முன்னால் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் பேச மாட்டார்களா?

பச்சைமுத்துவின் தங்கை பாஞ்சாலிதான் நேராகவே கேட்டாள். "இன்னா அண்ணி இது? ஊரான் கண்ணுல எல்லாம் தண்ணி வர வெச்சியே. எங்க அண்ணனுக்கு ஒரு சொட்டு இல்லியா உன்னாண்ட?"

சின்னத்தாயி அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காரணத்தைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவளுக்கு உள்ளே இருந்தது ஒரே பயம். அழுதால் பாட்டு முடிந்துவிடும். பாட்டு முடிந்தால் அவர் எழுந்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. இன்றைக்கு அவள் அழுது முடித்து, அவர் எழுந்திருக்கவில்லை என்றால்? அழாத வரைக்கும் சீன் முடியவில்லை.

பச்சைமுத்து எப்படிச் செத்தார் என்பதைப் பார்த்தவர்களிடம் கேட்க வேண்டும். மற்ற நடிகர்கள் குத்துப்பட்டால் முதலில் விழுவதற்கு இடம் பார்ப்பார்கள். இவர் பார்க்க மாட்டார். குத்தினவனை ஒருதரம் ஆச்சரியமாகப் பார்ப்பார், அப்புறம் கோட்டைக் கதவைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் முழங்கால் மடியும். வசனம் பாதியில் நிற்கும். சின்னத்தாயி அழுகிற நேரம் முழுக்க அவர் வயிறு அசையாது. கோலார் தங்கவயலில் நாடகம் போட்டபோது, சுரங்கத்தில் இறங்கித் தினமும் எமனோடு தோள் உரசுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் ஒருத்தர் மேடைக்குப் பின்னால் வந்து, "நீ சாவ நேர்ல பாத்திருக்கேய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையைப் பச்சைமுத்து ரொம்ப நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

அவர் விழுந்து, அவள் அழுது, படுதா இறங்கப்போகிற நேரத்தில்தான் முன்வரிசைப் பாயிலிருந்து அந்தக் குரல் வரும்: "ஒன்ஸ்மோர்!" அது கிழவர் சின்னப்பா. குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். அவர் தொண்டை திறந்தால் போதும், கொட்டகை முழுக்கத் திறந்துகொள்ளும். உடனே செத்த தளபதி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஜனங்களைப் பார்த்துக் கும்பிடுவார். குத்தினவன் அதற்குள் பின்னால் போய்ப் பீடி பற்றவைத்திருப்பான். அவனைத் திட்டி இழுத்து வருவார்கள். மறுபடியும் குத்து, மறுபடியும் சாவு.

எழுவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்வார். சின்னத்தாயியின் உள்ளங்கைக்குள் இருக்கிற தன் சுண்டுவிரலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவார். நகர்ந்துக்கோ, எழுந்திருக்கப்போறேன் என்று அர்த்தம். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

அந்தத் தட்டு விழுந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து சண்டை பிடிப்பாள். "நீ பாட்டுக்கு ரெண்டு வாட்டி சாவுற, கை தட்டுறாங்க. ரெண்டாவது வாட்டி எவ அழுவுறது? எழுந்து கும்புடு போட்டவனுக்கு எனக்கு எப்படிய்யா கண்ணுல தண்ணி வரும்?" அது உண்மைதான். இரண்டாம் முறை அவளுக்கு அழுகை வந்ததே இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆர்மோனியம் ஓஸ்வால்ட் நிலைமை தெரிந்து கட்டைகளை அழுத்தி வாசித்து அவள் குரலை மறைத்துவிடுவார்.

பச்சைமுத்து சிரிப்பார். "தாயி, இவங்க பகல் பூரா யாராண்டயும் எதுவும் கேக்க முடியாதவங்க. மில்லுல கேக்க முடியாது, பங்களாவுல கேக்க முடியாது. வாயத் தொறந்து கேக்குறது இது ஒண்ணுதான். கேட்டா குடுக்கணும்."

இதனால்தான் மெட்ராஸிலிருந்து சினிமாக் கம்பெனி ஆள் தேடிவந்து கூப்பிட்டபோதும் அவர் போகவில்லை. என்ன வேஷம், எத்தனை சீன் என்றெல்லாம் அந்த ஆள் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டார். "அதுல ஒன்ஸ்மோர் கேட்டா யாரு சார் எழுந்து வருவா?" என்றார். வந்தவர் இவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். சின்னத்தாயிக்கு அன்றைக்குக் கோபம் கோபமாய் வந்தது. ஆனால் மறுநாள் கொட்டகையில் அவர் எழுந்து கும்பிட்டபோது, முதல் தடவையாக அவளும் நிமிர்ந்து அந்த ஜனங்களின் முகத்தைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியாக இருப்பது பெரிய விஷயம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பாடை கட்டி முடித்துவிட்டார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை, இந்த வாசலோடு சரி. ஓஸ்வால்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் குனிந்தார். "தங்கச்சி, தூக்கப் போறாங்கம்மா."

"அழுதா முடிஞ்சிரும்ண்ணா" என்றாள் அவள்.

ஓஸ்வால்டுக்குப் புரிந்தது. அத்தனை நாடகத்துக்கும் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவர் ஆயிற்றே. ஆர்மோனியம் கையில் இல்லை. வாயை மூடி, தொண்டைக்குள்ளேயே மெல்லச் சுதியைப் பிடித்தார். அவள் வழக்கமாக எடுக்கிற அதே சுதி.

பறை நின்றது. சின்னத்தாயி பாடினாள்.

"கோட்டைக் கதவு தெறந்திருக்க
காவக்காரன் தூங்கலாமா
காத்து வந்து கேக்குதய்யா
கண்ணு தெறந்து பாக்கலாமா..."

அத்தனை நேரம் கல்லாக இருந்தவளுக்கு இரண்டாவது அடியிலேயே கண்ணீர் இறங்கியது. பாஞ்சாலி வாயைப் பொத்திக்கொண்டு அவள் தோளில் சாய்ந்துவிட்டாள். மேடையில் பாடியதைவிடக் குறைவாகவும் இல்லை, அதிகமாகவும் இல்லை. பாட்டு முடிந்தது.

அப்போது கூட்டத்தின் முன்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஒன்ஸ்மோர்!"

சின்னப்பாதான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று கிழவருக்கு உறைத்தது. துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். இரண்டு பேர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். "பொணத்து முன்னாடி இன்னா பேச்சுய்யா பேசுற?" என்று பாஞ்சாலியின் புருஷன் கையை ஓங்கினார். "பழக்கம்பா, வாயில வந்துடுச்சிப்பா" என்று கிழவர் அழுதுகொண்டே சொன்னார்.

சின்னத்தாயி இதையெல்லாம் பார்க்கவில்லை. குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய சுண்டுவிரல் அங்கே இருந்தது. கேட்டுவிட்டார்கள். இனி தட்ட வேண்டும். அவள் காத்திருந்தாள். மூச்சைக்கூட விடாமல் காத்திருந்தாள்.

விரல் அசையவில்லை. அது குளிர்ந்து விறைத்திருந்தது.

அப்போதுதான் பச்சைமுத்து செத்துப்போனார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"உடுங்க அந்தப் பெரியவர" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். அவள் புருஷன் கையைப் பக்குவமாக மார்பின் மேல் எடுத்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டாள். சந்து நிறைய நின்ற ஜனத்தைப் பார்த்தாள். மில்காரர்கள், பங்களா ஆயாக்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லாம் அந்தக் கொட்டகை முகங்கள்தான். இரண்டு கையையும் சேர்த்து, அவர் கும்பிடுகிற மாதிரியே கும்பிட்டாள்.

"அவரு எழுந்து வந்து குடுக்குற நெலமையில இல்ல" என்றாள். "கேட்டா குடுக்கணும்னு சொல்லுவாரு. நான் குடுக்குறேன்."

மறுபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி கையை எடுத்துக்கொண்டு, முதல் அடியிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை முந்தானை முகத்துக்கு வரவில்லை. சத்தத்தைக் கூட்டி மறைக்க ஓஸ்வால்டும் முயலவில்லை. அவர் சுதியை நிறுத்திவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் முறை எனக்கு அழுகை வராது என்று வருஷக்கணக்காகச் சண்டை போட்டவள், அன்றைக்கு அழுத அழுகையை மர்பி டவுன் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒவ்வொரு அடியும் அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பாடினாள். சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்துப் பாடினாள்.

பாட்டு முடிந்தது. சின்னப்பா துண்டை வாயிலிருந்து எடுக்காமல் கைகூப்பிக்கொண்டு நின்றார். மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை.