சம்பந்தியை நாளைக்கு வெட்டலாம்

என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாஸ்டர் என்றால் அவர்தான். கோட்டு தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். அளவு பார்த்து, கோடு போட்டு, துணியை வெட்டிக் கொடுப்பது அவர் வேலை. காஜா எடுத்து, பட்டன் வைத்து, ஓரம் மடித்துத் தைப்பது வீட்டிலிருந்தபடி என் வேலை. இருபத்தாறு வருடத்தில் நாங்கள் பேசியதில் பாதி துணியைப் பற்றித்தான் இருக்கும்.

எங்கள் பேச்சில் துணிக்கென்று தனிப் பெயர் கிடையாது. யாருடைய துணியோ, அவரேதான் துணி. 'வக்கீலைப் பிரிச்சுப் போட்டாச்சு' என்றால் வக்கீலுடைய கோட்டின் தையலைப் பிரித்தாகிவிட்டது. 'டாக்டரைத் தண்ணியில முக்கி எடு' என்றால் டாக்டர் கொடுத்த துணி சுருங்கும் ரகம். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குக் காது கேட்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த கம்பெனியில் துணி வெட்டும் மிஷினுக்குப் பக்கத்திலேயே பல வருடம் நின்றதில் இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது அரைகுறை. காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தேன். உள்ளே விசிலடிக்கிறது என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டார். பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. போன் என்றால் ஸ்பீக்கரில் போட்டு வலது காதில் அழுத்திக்கொள்வார். நேரில் என்றால் பேசுகிறவரின் உதட்டைப் பார்ப்பார். உதடு தெரிய மூக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி கோட்டின் உள்பையில் இருக்கும். அதனால் எதிரில் யார் வாயைத் திறந்தாலும் அவர் கை முதலில் கோட்டுக்குள்தான் போகும்.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேரைக் கத்தியால் குத்திவிட்டார்கள். ஒருவர் எங்களுக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரர். என் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பார்த்து, 'சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும்' என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும் மனிதர். பிழைத்துக்கொண்டார், ஆனால் கடையைத் திறக்கவில்லை. தெருப்பெண்கள் எல்லாம் சேர்ந்து போலீசுக்கு மனு எழுதினோம். எல்லோரையும் நிறுத்திப் பையைச் சோதிக்க வேண்டும் என்று எழுதியபோது, "சந்தேகமாப் பேசுறவங்களையும் பிடிக்கணும்னு சேத்துக்கங்க" என்று சொன்னவள் நான்தான். பதினோரு வீட்டில் கையெழுத்து வாங்கியதும் நான்தான். எங்கள் நான்கு தெருவிலும் காரணம் சொல்லாமலே யாரையும் நிறுத்தலாம் என்று உத்தரவு வந்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவர் பஸ் ஸ்டாப்பில் இருக்கும்போது போன் செய்தேன்.

"மாப்பிள்ளைய வெட்டியாச்சா?" என்றேன். அவருக்குக் கேட்கவேண்டுமே என்று கத்தித்தான் கேட்டேன்.

"வெட்டியாச்சு, வெட்டியாச்சு. கை ரெண்டும் பையில இருக்கு, நீ ராத்திரி முடிச்சுரு."

"சம்பந்தி?"

"அவர நாளைக்குக் காலையில வெட்டலாம். ஆள் பெருசு. வயித்துக்கிட்ட நிதானமாப் பாத்து வெட்டணும், அவசரப்பட்டா அவ்வளவுதான்."

"சரி, பாத்து வாங்க," என்றேன். அவர் போனைக் கோட்டின் மேல்பையில் போட்டுக்கொண்டார். இணைப்பைத் துண்டிப்பது எப்போதும் என் வேலை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்ததால் உடனே துண்டிக்கவில்லை.

வண்டிச் சத்தம் கேட்டது. அவர் செருப்புச் சத்தம். பையில் கத்தரிக்கோலும் இரும்பு ஸ்கேலும் உரசுகிற சத்தம். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது ஒரு பெண்குரல் தூரத்தில் கேட்டது. "சார், அந்தக் கோட்டுப் போட்டவர்தான் சார். ஒருத்தர வெட்டிட்டேன்னு போன்ல சொன்னாரு. என் காதால கேட்டேன்."

கையிலிருந்த ஊசி விழுந்தது.

"ஏங்க, நில்லுங்க," என்றது ஒரு தடித்த குரல்.

செருப்புச் சத்தம் நிற்கவில்லை. அவருக்கு எங்கே கேட்கப் போகிறது!

"யோவ், உன்னத்தான்! பையக் கீழ வை!"

செருப்பு அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு குரல், வயது குறைந்த குரல், மூச்சிரைக்க வந்தது. "சார், நிக்கவே மாட்டேங்கிறான் சார். பையில இரும்பு கெடக்கு, சத்தம் கேக்குது."

"முன்னாடி போய் மறி. பாத்து."

பூட்ஸ் ஓடுகிற சத்தம்.  அடுத்து நடக்கப் போவது எனக்குத் தெரியும். இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். போலீஸ்காரன் முன்னால் வந்து நிற்பான், வாயை அசைப்பான். இவர் திடுக்கிட்டு நிற்பார். உதட்டைப் பார்க்கக் கண்ணாடி தேடுவார். கை கோட்டுக்குள் போகும்.

கத்த வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். இவர் நெஞ்சிலிருந்து திடீரென்று ஒரு சத்தம் வந்தால் அந்தச் சின்னவன் பயந்துபோய் என்ன செய்வானோ? கத்தினால் சுட்டுவிடுவானோ, கத்தாவிட்டால் சுட்டுவிடுவானோ? கடவுளே, எது என்று எனக்கு யார் சொல்வது?

செருப்புச் சத்தம் நின்றது.

"கையத் தூக்கு! ரெண்டு கையும்! சார், உள்ள விடுறான் சார், கைய உள்ள விடுறான்!"

"சார்!" என்று கத்தினேன். "அவருக்குக் காது கேக்காது சார்! டெய்லர் சார்! கண்ணாடி எடுக்குறாரு! கண்ணாடி சார், கண்ணாடி!"

எத்தனை தடவை கண்ணாடி என்று சொன்னேனோ தெரியாது. அந்தப் பக்கம் ஏதோ தடால் என்று விழுந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிறவரை நான் விதவையா இல்லையா என்று தெரியாமல் நின்றேன்.

போனை யாரோ பையிலிருந்து எடுத்தார்கள்.

"யாரும்மா நீ?" தடித்த குரல்.

"அவர் சம்சாரம் சார். அவருக்கு ஒண்ணும் ஆகலையே சார்?"

"பையத்தான் கீழ போட்டாரு. நிக்கிறாரு. யார வெட்டினாரும்மா?"

"மாப்பிள்ளைய சார். ஐயோ, மாப்பிள்ளையோட கோட்ட சார்! கட்டிங் மாஸ்டர் சார் அவரு. பையில ரெண்டு கை இருக்கும் பாருங்க. துணிக் கை."

பை திறக்கிற சத்தம்.  பிறகு தடித்த குரல்காரர் சிரித்தார். சிரிப்பு என்றால் வயிறு குலுங்குகிற சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போனைச் சின்னவன் வாங்கினான். அவன் சிரிக்கவில்லை.

"அம்மா," என்றான். "துப்பாக்கி என் கையில இருந்துச்சும்மா."

விழுந்த ஊசியைத் தரையில் தேடினேன்.

"இரும்புச் சத்தம் கேக்குது. கூப்பிட்டா திரும்பல. கோட்டுக்குள்ள கைய விடுறாரு. போன மாசம் குத்துப்பட்டவங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது நான்தாம்மா. நான் என்னம்மா நினைக்கிறது?"

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் மனுவில் நான் சேர்க்கச் சொன்ன வரிதான் கண்முன் நின்றது.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீட்டு. 'காரணம்: ஆளை வெட்டியதாகப் பேசியது, உத்தரவுக்குக் கீழ்ப்படியாதது. கிடைத்தது: தொழில் கருவிகள்.' குறை இருந்தால் புகார் செய்யலாம் என்று கீழே ஒரு முகவரி. யார்மேல் புகார் செய்வது? அந்தப் பெண்மேலா? அவள் வீட்டிலும் என்னைப் போல் யாராவது காத்திருப்பார்கள்.

"அந்தப் பையன் ரொம்பப் பயந்துட்டான், பாவம்," என்றார் இவர். "தண்ணி பாட்டில நீட்டினேன், வேண்டாம்னுட்டான்."

"நாளைக்குக் கடைக்குப் போகாதீங்க."

"சம்பந்தி?"

"அந்தாளு எக்கேடோ கெட்டுப் போகட்டும்!"

என் உதட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. அவருக்கும் பயம்தான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்திலேயே தெரிந்தது. "எத்தன நாள் போகாம இருக்க முடியும்? இனிமே கண்ணாடிய மூக்கிலயே வச்சுக்கிறேன். முன்னாடி வந்தா சமாளிச்சுருவேன். பின்னாடி நின்னு கூப்பிட்டாத்தான் வம்பு. கூப்பிட்ட உடனே கையத் தூக்கணும், அவ்வளவுதானே. பழகிட்டா வந்துரும். நீ பின்னாடி நின்னு போலீஸ் மாதிரி சொல்லு."

சமையலறையில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நான் ஆறடி தள்ளி நின்றேன்.

"கையத் தூக்குங்க," என்றேன்.

அசையவில்லை.

"கையத் தூக்குங்க!"

அடுப்பில் பால் பொங்கப் பார்த்தது. அணைத்துவிட்டு வந்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்து, யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அவர் திரும்பாமலே சொன்னார். "நான் ரெடி. எப்ப வேணா சொல்லு."