கை எட்டாத கொடி

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒன்பது வருஷமாக இந்த மலைச்சரிவில் பேஷன் பழக்கொடி வளர்க்கிறேன். வாழைப்பழம் போல நீளமாகக் காய்க்கிற சாதி, குளிர் இருந்தால்தான் வரும். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்னச் செதில் நிற்கும்; அதைக் கம்மல் என்போம். கம்மல் சத்தை உறிஞ்சிவிடும் என்று என் நாத்தனார் எப்போதோ சொன்னாள். அன்றிலிருந்து தளிர் விரிந்த கையோடு கிள்ளிப் போட்டுவிடுவேன். சொந்தச் செலவில் சூனியம்.

இன்று காலை செடிகளை இனம் பிரிக்கிற அதிகாரி வந்தார், கூடவே அறுப்பு மெஷினோடு இரண்டு பேர். இந்தப் பழத்தில் அக்கா தங்கை போல இரண்டு இனமாம். ஒன்று வைத்த இடத்தில் அடங்கி இருக்கும். மற்றது காட்டுக்குள் ஏறி மரங்களை மூடிக் கொன்றுவிடும். அதுவாக இருந்தால் வேரோடு எடுக்க வேண்டும். சந்தேகம் என்றாலும் எடுக்க வேண்டும். இந்தத் தோட்டத்தை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பூவைப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடுமாம், இதழ் பின்னால் மடங்கினால் அது காட்டுக்குள் ஏறுகிற இனம் என்று. போன வாரத்து ஆலங்கட்டி மழை ஒரு பூவையும் மிச்சம் வைக்கவில்லை. மடங்காது சார் என்று நான் அடித்துச் சொன்னேன். உண்மையில் பூவை எங்கே நின்று பார்த்தேன்? பிஞ்சு பிடித்ததா என்றுதான் பார்த்தேன்.

அவர் லென்ஸை வைத்து இலையிலையாகப் பார்த்தார். அடங்கி இருக்கிற இனத்தில் இலை முற்றினாலும் கம்மல் உதிராதாம்.

"இங்க இருந்ததெல்லாம் எங்கம்மா?"

"நான்தான் கிள்ளிட்டேன், சார்."

என் வீட்டுக்காரர் கொட்டகைப் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

அப்போதுதான் தண்ணீர்த்தொட்டி மேலே ஏறிப்போன தாய்க்கொடி ஞாபகம் வந்தது. தோட்டம் முழுக்க அதிலிருந்து வெட்டி வைத்ததுதான். அந்த உயரத்துக்கு என் கை போனதே இல்லை. அதிகாரியிடம் கெஞ்சினேன். அங்கே ஒரு முற்றின இலையில் கம்மல் இருந்தாலும் போதும், ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றார். நல்ல மனுஷன்.

ஏணியில் ஏறினேன். முதல் இலையில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. இருபது முப்பது இலை புரட்டிவிட்டேன். காம்படியில் காய்ந்துபோன இரண்டு தழும்புகள் மட்டும் இருந்தன. நான் கிள்ளாத கம்மல், தானாக உதிர்ந்திருக்கிறது. நான் வளர்த்தது காட்டைக் கொல்கிற அந்தப் பாவியைத்தான்.

"இருக்கா?" என்று கீழேயிருந்து வீட்டுக்காரர் கேட்டார். படியிலிருந்து எழுந்து ஏணியடிக்கு வந்திருந்தார்.

"இருக்கு" என்றேன்.

"சந்தோஷம்மா. ஒன்னே ஒன்னு பறிச்சு எடுத்துட்டு இறங்கி வாங்க" என்றார் அதிகாரி.

நான் விழுந்துவிடாமல் இருக்க வீட்டுக்காரர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.