சும்மா ஒண்ணு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. கள்ளக்குறிச்சியில் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. ஸ்டுடியோக்காரர் சாதுல்லா, அறுபதைத் தாண்டியவர், ஒரு படம் எடுத்தார். எழுந்தேன். "உக்காருங்க, சும்மா ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றார். யார் வந்தாலும் அப்படித்தானாம். ஏன் என்று கேட்டது என் தப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கல்வராயன் மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல…"

(வேண்டாம். போதுமான வெளிச்சம் இருந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.)

1989. கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாணத்தைப் படம் எடுத்துவிட்டு சாதுல்லா திரும்புகிறார். கேமராவில் நான்கு படம் மிச்சம். பிலிம் ரோலைக் கழுவப் போடுமுன் மிச்சத்தை இஷ்டத்துக்கு எடுத்துத் தீர்ப்பது அவர் வழக்கம். கையில் புதிதாக ஒரு ஜூம் லென்ஸ் வேறு. ஷட்டர் திறந்திருக்கும் அரை நொடியில் அதன் வளையத்தைத் திருகினால், நடுவில் இருப்பது நிற்கும். சுற்றியிருப்பதெல்லாம் கோடுகோடாக ஓடும். செய்து பார்க்க ஆள் வேண்டும். காசு கொடுத்தவர்களிடம் விளையாட முடியாது. (இந்த வாக்கியத்தை அடிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

கோமுகி அணைப் பக்கம், கரும்புக் கொல்லையில் களை வெட்டிவிட்டு வந்துகொண்டிருந்தாள் செவ்வந்தி. இடுப்பில் மகள் ஆண்டாள், ஒன்றரை வயது.

"அசையாம நில்லும்மா. படத்துல எல்லாம் எப்படி ஓடுது பாரு."

ஸ்டாண்டைப் போட்டு, குழந்தையின் முகத்தை நடுவில் வைத்துத் திருகினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"ஓட வேணாம் பாய். கடைசியா சும்மா ஒண்ணு எடுங்க. நானும் இவளும் சேந்து எடுத்துக்கினதே இல்ல."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். நேராக நின்றாள்.

முதல் மூன்றும் சரியாக வந்திருக்காதோ என்று சாதுல்லாவுக்குச் சந்தேகம். நான்காவதையும் திருகினார். "இன்னொரு நாள் எடுக்கலாம்மா. ரோல் தீந்துபோச்சு."

3

[இங்கே செவ்வந்தியைப் பற்றி ஒரு பத்தி. அவளுக்கு என்ன பிடிக்கும், யாரோடு சண்டை, சிரிப்பு வந்தால் அவள்]

தெரியவில்லை. சாதுல்லாவுக்கும் தெரியாது.

4

எட்டு மாதம் கழித்து அவள் புருஷன் அம்மாசி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஸ்டுடியோவுக்கு வந்தான். செவ்வந்தி மஞ்சள்காமாலையில் செத்து நான்கு நாள். கருமாதிக்குப் படம் வேண்டும்.*

சாதுல்லா நான்கையும் எடுத்து வைத்தார். கடைசிப் படம் அருமையாக வந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். குழந்தை முன்பல் தெரியப் பளிச்சென்று சிரிக்கிறது. அதைச் சுற்றி, மஞ்சள் புடவையும் கறுப்பு முடியுமாக அம்மா நாலா பக்கமும் ஓடுகிறாள்.

அம்மாசி ரொம்ப நேரம் பார்த்தான்.

"இத்த நிறுத்த முடியுமா பாய்?"

"முடியாதுப்பா."

"அவ அசையலீங்களே. பாய் சொன்னாருன்னு மூச்சக் கூட விடாம நின்னேன்னு வூட்ல வந்து சொல்லிக்கினு இருந்தா."

"வெளிச்சம் கம்மி" என்றார் சாதுல்லா.

அம்மாசி அந்தப் படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். ஆண்டாள் திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். (கையாட்டியது நான் சேர்த்தது. விட்டுவிடுங்கள்.)

* கல்யாணப் படம் இல்லையா என்பீர்கள். கோயில் வாசலில் மஞ்சள் கயிறு கட்டி முடிந்த கல்யாணம் அது. கேமரா வரவில்லை.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சாதுல்லா பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, "அசைஞ்சது நான்தான்" என்கிறார். பொய். போகவில்லை என்று அவரே சொன்னார், இத்தனை வருஷம் கழித்தும் கண் கலங்கி. இன்னொன்றில் தெளிவான ஐந்தாவது படம் கிடைக்கிறது. எழுதுகிறவனுக்கு அது ஒரு வரி வேலை. எழுதினேன். அம்மாசியை நினைத்து வெட்கமாக இருந்தது, அழித்துவிட்டேன்.

திரும்பப் படித்தபோதுதான் புரிந்தது. சாதுல்லா நன்றாகத் தெரிகிறார். அம்மாசியும் தெரிகிறான். செவ்வந்தி மட்டும் ஓடுகிறாள். நானும் திருகித்தான் எழுதியிருக்கிறேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அது உங்களுக்கு. முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கிவிட்டு, மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் நேராக நிற்கிறாள். சும்மா ஒண்ணு எடுங்கள். உங்கள் கை அசையக் கூடாது.